ஆற்றோரத்தைப் பராமரிக்கப் போகிறீர்களா? யாரிடம் என்ன அனுமதி வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் பாராங்கத்தியும் குப்பைப் பையுமாக ஆற்றோரம் இறங்கினால் அது சேவைதானே, அதற்கு எதற்கு அனுமதி என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவை எடுத்துக்கொள்வோம். பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் நம்மில் பலருக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது இந்த வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில். அதே மண்ணைத் தொட்டுக்கொண்டு ஓடும் சிலாங்கூர் ஆறு, கீழே கம்போங் குவாந்தான் மின்மினிகளுக்குப் போய்ச் சேர்கிறது. நமது ஓடையில் என்ன கலந்தாலும் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான்.

முதலில் நிலம். ஆற்றின் இரு கரையிலும் சும்மா விடவேண்டிய பட்டை நிலத்துக்கு ரிசாப் சுங்கை என்று பெயர். நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் வழிகாட்டியில் அதன் அகலம் ஆற்றின் அகலத்தைப் பொறுத்தது. 5 மீட்டருக்குக் குறைவான ஓடை என்றால் ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர். 5 முதல் 10 மீட்டர் வரை என்றால் 10. 10 முதல் 20 வரை என்றால் 20. 20 முதல் 40 வரை என்றால் 40. அதற்கு மேல் அகலமான ஆற்றுக்கு 50 மீட்டர். ஆனால் வழிகாட்டியில் இருப்பது வேறு, அரசிதழில் வெளியாகி ஒதுக்கப்பட்ட நிலம் வேறு. எல்லா ஆற்றோரமும் அப்படி ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கப்படாத இடத்தில் கரை வரைக்கும் தோட்டத்தின் பட்டாவிலேயே இருக்கலாம். ஆகவே முதல் நடை மாவட்ட நில அலுவலகத்துக்கு. உங்கள் ஓடையின் கரை யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். இதை விட்டுவிட்டு டி-சட்டை அச்சடிப்பதில் இறங்கும் குழுக்கள்தான் பிறகு காவல்காரரிடம் வாக்குவாதம் செய்துகொண்டு நிற்கும்.

கரை தோட்டத்துடையது என்றால் மனம் தளர வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் எம்எஸ்பிஓ எனும் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் செம்பனைத் தோட்டங்களுக்குக் கட்டாயம். நீர்நிலைகளைப் பாதுகாப்பதும், கரையோரப் பட்டையைப் பராமரிப்பதும், அழிந்திருந்தால் மீட்பதும் அந்தத் தரத்தில் அடக்கம். வெளியாட்களின் புகாரைப் பதிந்து பதில் சொல்லும் முறையும் தோட்டத்தில் இருக்க வேண்டும். அதனால் மேனேஜரிடம் போகும்போது உதவி கேட்கும் தோரணை தேவையில்லை. அவர் தணிக்கையாளரிடம் காட்ட வேண்டிய வேலையில் நீங்களும் கை கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அனுமதி கிடைத்தாயிற்று, சரி, என்ன செய்வது? நம்மவர்களுக்கு ‘சுத்தம்’ என்றாலே புல்லைச் சிரைத்து மண் தெரிய வைப்பதுதான். ஆற்றோரத்தில் அது சேவை இல்லை, சேதம். மின்மினிகள் இரவில் மினுக்குவது கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில். ஆனால் அவற்றின் புழுக்கள் வளர்வது மரத்தில் இல்லை. மரத்துக்குப் பின்னால் இருக்கும் ஈர மண்ணிலும் மட்கிய இலைகளுக்கு அடியிலும், சிறு நத்தைகளைத் தின்று. மரத்தை விட்டுவைத்துப் பின்புறத்தை வழித்துவிட்டால் அடுத்த தலைமுறை போய்விடும். பிளாஸ்டிக், டயர், மருந்துப் போத்தல் ஆகியவற்றை எடுங்கள், சருகை விடுங்கள். களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். கீழே மின்மினிகள் வாழும் ஆற்றுப் பகுதி, 1999ஆம் ஆண்டு சிலாங்கூர் நீர் நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2009இல் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வேலை என்றால் லுவாஸ் எனும் மாநில நீர் நிர்வாக வாரியத்திடம் கேட்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

அடுத்து விலங்குகள். தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 716, நடப்பில் உள்ளது. புலி போன்ற விலங்குகள் தொடர்பான கடும் குற்றங்களுக்கு 2022இல் திருத்தி, அபராத உச்சத்தை 10 லட்சம் வெள்ளியாகவும் சிறையை 15 ஆண்டாகவும் உயர்த்தினார்கள். நமக்கெல்லாம் அது எதற்கு என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் சாதாரணமாகப் பிடித்துச் சமைக்கும் உடும்புக்கும் உரிமம் வேண்டும். மட்டை வெட்டும்போது கிடைத்த மரநாய்க் குட்டியைப் பாவம் என்று வீட்டில் வளர்ப்பதும் வம்புதான். எலியைத் தின்ன ஆந்தைக்குப் பெட்டி வைப்பது நல்ல பழக்கம், பல தோட்டங்களில் இருக்கிறது. குஞ்சை எடுத்துப் படம் பிடிப்பது வேண்டாம்.

தொண்டூழியருக்கு யாரையும் பிடிக்கவோ பொருளைப் பறிமுதல் செய்யவோ அதிகாரம் இல்லை. கம்பிக் கண்ணியைக் கண்டால் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கண்ணியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானை 1-800-88-5151 எண்ணில் அழையுங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் மட்டும் 999. தீயணைப்புத் துறையோ பொதுத் தற்காப்புப் படையோ வரும்.

குழுவாகப் பதிவு செய்ய இரண்டு வழி. ஏழு பேர் சேர்ந்து சங்கப் பதிவிலாகாவில் தனிச் சங்கம் அமைக்கலாம். தாமானில் ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கத்தார் அமைப்பு இருந்தால் அதன் கீழேயே ஓர் அணியாக இயங்கலாம். தொடக்கத்துக்கு இரண்டாவதே எளிது என்பது என் எண்ணம். கணக்கு, கூட்டக் குறிப்பு எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் தொழிலாளர் பாதுகாப்பு, சம்பளம் வாங்காத தொண்டூழியருக்குத் தானாக வராது. குழு விபத்துக் காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் ஆற்றோரத்தில் வரக்கூடியதுதான். பூட்ஸும் கையுறையும் இல்லாதவரைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். எந்த ஓடை, எந்த இடத்திலிருந்து எதுவரை, எந்த நாள், எத்தனை பேர், என்ன செய்வீர்கள், என்ன செய்யமாட்டீர்கள், பொறுப்பாளர் யார் என்பது ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நில அலுவலகம், நீர்ப்பாசன வடிகால் இலாகா, தோட்ட அலுவலகம் மூன்றுக்கும் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.