செரிபெல்லம் – சிறுமூளை

லத்தீனில் 'செரிப்ரம்' என்றால் மூளை. அதைச் சிறிதாக்கிச் சொல்லும் வடிவம் 'செரிபெல்லம்'. ஜெர்மானியர் சொல்லும் 'கிளைன்ஹிர்ன்' என்பதற்கும் இதே பொருள்தான். தமிழில் சிறுமூளை. பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று பள்ளியிலேயே படித்த சொல். சிறுமூளைப் புறணி, சிறுமூளைச் சுற்று என்று இழுத்த இழுப்புக்கெல்லாம் வளைந்து கொடுக்கிறது. 'செரிபெல்லம்' என்று ஒலிபெயர்த்து எழுத வேண்டிய தேவையே இல்லை.

'சிறு' என்பது அளவைப் பற்றியது மட்டுமே. எடையில் அது மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால், மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நியூரான்களில் (நரம்பு செல்களில்) ஏறத்தாழ 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. பாடநூல்கள் 'உடல் சமநிலை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அசைவுகளைக் கற்பதில் அதன் பங்கு அவ்வளவு பெரியது.

பார்வையை ஒரு பக்கமாக விலக்கும் பட்டகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலக்கை நோக்கிப் பந்து எறிந்தால், முதலில் குறி தவறும். எறிய எறியக் கை தானாகத் திருந்திவிடும். கண்ணாடியைக் கழற்றியதும் பந்து எதிர்ப்பக்கம் போகும். கை புதிதாகக் கற்றுக்கொண்டதற்கு அதுவே சாட்சி. சிறுமூளை பாதித்தவர்கள் பலருக்கு இந்தத் திருத்தம் நிகழ்வதில்லை. வலப்பக்கச் சிறுமூளை பழுதான ஒருவர், இடக்கை தானாக இயங்குகிறது, வலக்கையின் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று மருத்துவர் கோர்டன் ஹோம்ஸிடம் சொன்னார். இதை ஹோம்ஸ் 1939இல் பதிவு செய்தார்.

இந்தத் திருத்தம் நடக்கும் முக்கிய இடம், 1837இல் செக் உடலியலாளர் புர்கின்யே விவரித்த, அவர் பெயரையே தாங்கிய நியூரான். ஒவ்வொன்றையும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணை நார்கள் (ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் நரம்பிழைகள்) தொடுகின்றன. ஆனால், அந்த நியூரான் மீது கொடிபோல் ஏறிப் படரும் நரம்பிழையான ஏறு நார், வளர்ந்த மூளையில் பொதுவாக ஒன்றே ஒன்று. ஏறு நார்தான் கற்பிக்கிறது என்றார் மூளைக் கோட்பாட்டாளர் டேவிட் மார் (1969). அதன் குறிப்பு வரும்போது இணை நார்த் தொடர்பு வலுப்படும் என்பது அவர் கருத்து. வலுவிழக்கும் என்றார் ஜேம்ஸ் ஆல்பஸ் (1971). 1982இல் ஜப்பானின் மசாவோ இட்டோ குழு கண்ட முடிவு ஆல்பஸுக்குச் சாதகமாக அமைந்தது.

ஆனாலும் விவாதம் ஓயவில்லை. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் பலர் இன்று இதே நரம்புச் சுற்றைத்தான் ஆராய்கிறார்கள். ஏறு நார்தான் கற்பிக்கிறது என்பதற்கு வலுச் சேர்ப்பதுபோல், எலிகளின் ஏறு நார்களை ஒளியால் தூண்டிய சோதனைகளில், அசைவில் பிழையே நேராதபோதும் கற்றல் நிகழ்ந்திருக்கிறது.