ஷரத்து: ஒரு சொல், இரண்டு வேலை

ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீலிடம் போகும் சிறுதொழில்காரர் பெரும்பாலும் கேட்பது, "ஷரத்தெல்லாம் சரியாக இருக்கிறதா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் 'ஷரத்து' என்று அவர் எதைச் சொல்கிறார் என்பது வக்கீலுக்கு உடனே விளங்கிவிடாது.

அரபியில் 'ஷர்த்' என்றால் நிபந்தனை. பாரசீகம், உருது வழியாக, வருவாய்க் கணக்கோடும் நீதிமன்ற நடைமுறையோடும் அது தமிழுக்கு வந்தது. வக்கீல், ஜாமீன், அசல், நகல், பாக்கி எல்லாம் அதே வழியில் வந்தவை. இந்தியில் 'ஷர்த்' பந்தயத்தையும் குறிக்கும். அந்தப் பொருள் தமிழில் ஒட்டவில்லை. 'ஷுரூத்' என்ற அரபிப் பன்மை இன்னும் சுவையானது. இடைக்காலத்தில் பத்திரம் எழுதும் கலைக்கே அதுதான் பெயர். விற்பனைக்கு இப்படி, குத்தகைக்கு இப்படி என்று மாதிரி வாசகங்களைச் சட்ட அறிஞர்கள் நூலாகத் தொகுத்தார்கள். மாதிரி ஒப்பந்தத்தை இணையத்தில் இறக்கிப் பெயரை மட்டும் மாற்றுகிறவர்களுக்குப் பழைய முன்னோடிகள் உண்டு என்று தேறுதல் சொல்லலாம். ஆனால் அந்த நூல்கள் பத்திரம் எழுதத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை.

ஓசை ஒத்திருப்பதால் 'ரத்து' இதன் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம். அது 'ரத்' என்ற வேறொரு அரபிச் சொல். மறுத்தல், திருப்பிவிடுதல் என்று பொருள்.

தமிழில் ஷரத்து இரண்டு வேலை பார்க்கிறது. ஒப்பந்தத்தில் எண்ணிட்டு எழுதப்பட்ட ஒவ்வொரு பத்தியும் ஷரத்து. எது நடந்தால்தான் ஒப்பந்தம் நிற்குமோ அதுவும் ஷரத்து. ஆங்கிலத்தில் முன்னது கிளாஸ், பின்னது கண்டிஷன். ஆங்கிலேயச் சட்ட மரபு ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டவற்றுக்குள்ளும் ஒரு கோடு கிழிக்கிறது: அடிப்படையானது கண்டிஷன், துணையானது வாரண்டி. கண்டிஷன் மீறப்பட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு இழப்பீடும் கேட்கலாம். வாரண்டி மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே, ஒப்பந்தம் தொடரும். 1893ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சரக்கு விற்பனைச் சட்டம் இந்த வேறுபாட்டை எழுத்தில் வைத்தது. கடையில் பொருளோடு தரும் வாரண்டி அட்டையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

"சரக்கு 15ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்" என்று ஒரு பத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 17ஆம் தேதி சரக்கு வருகிறது. திருப்பி அனுப்பலாமா, இல்லை தாமதத்துக்கான இழப்பை மட்டும் கேட்கலாமா? அந்த வரியை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. "குறித்த நாள் தவறினால் வாங்குபவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்" என்று அடுத்த வரி இருந்தால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. அது இல்லாதபோதுதான் வழக்கு வளர்கிறது. ஒரு வரி சேர்க்க வக்கீலுக்கு ஆகும் செலவு, பின்னால் அந்த வரியின் பொருளுக்காக வாதாடும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

தமிழ்ச் சொல் என்ன? முதல் பொருளுக்குக் 'கூறு' போதும். சட்டத் தமிழில் அது பழகிய சொல். இரண்டாவது பொருளுக்கு 'நிபந்தனை' நிலைபெற்றுவிட்டது. அது வடசொல், 'பந்த்' என்ற வேருக்குக் கட்டுதல் என்று பொருள். கோயில் கல்வெட்டுகளில் அறக்கட்டளையைக் குறிக்கும் 'நிவந்தம்' இதற்கு உறவு. தனித்தமிழ் விரும்புவோர் 'கட்டுப்பாடு' என்று எழுதுவதுண்டு. எனக்கு அது ஒவ்வவில்லை. கட்டுப்பாடு என்றதும் மேலிருந்து ஒருவர் போடும் தடைதான் நினைவுக்கு வருகிறது. இருவர் மனமொப்பி ஏற்றது என்ற சாயல் அதில் இல்லை. கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் 'சரத்து' என்று எழுதுகிறார்கள். அச்சில் இரண்டும் உண்டு.

எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரே ஒப்பந்தத்துக்குள் அதை மாற்றக் கூடாது. மூன்றாம் பக்கத்தில் 'நிபந்தனை', ஏழாம் பக்கத்தில் 'ஷரத்து' என்று எழுதினால், இரண்டும் வேறு வேறு என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கும். வக்கீலிடம் கேட்க வேண்டியதையும் பிரித்துக் கேட்கலாம்: இந்தக் கூறுகளில் எவை நிபந்தனைகள்? எதை மீறினால் நான் விலகிக்கொள்ளலாம், எதற்கு இழப்பீடு மட்டும்? நான் மீறினால் அவருக்கும் அதே உரிமை உண்டா? இந்தக் கேள்விகளைக் கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டும். அதற்குப் பின் பதில் கிடைத்தாலும், எதிர்த்தரப்பு சம்மதிக்காமல் வரியை மாற்ற முடியாது.