ஒரு வாசலில் இரண்டு காற்று

லண்டனில் இருக்கும் அக்கா வீட்டில், வீட்டைச் சூடாக்கும் பொயிலர் பழுது. ஹோலில் மட்டும் ஒரு மின் ஹீட்டர் ஓடுகிறது, அங்கே வேர்க்கிறது, பக்கத்து அறையில் பிள்ளைகள் விறைக்கிறார்கள், ஹோலில் மேசைமேல் ஃபானை வைத்து அறைப்பக்கம் திருப்பிவிட்டும் பெரிதாக மாற்றமில்லை. "திருகோணமலை வெயிலில் இருக்கிற உனக்கு இது எங்க விளங்கப்போகுது தம்பி" என்றார்.

விளங்கும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், தலைகீழாக: ஏசி ஒரு அறையில், மிச்ச வீடெல்லாம் அனல்.

போன ஆவணியில், கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று ஓய்ந்து கடற்காற்று வந்த ஒரு இரவு, ஏசி அறைக் கதவைத் திறந்துவிட்டு வாசலில் ஊதுபத்தி ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன் (அம்மா சாமிக்குக் காட்டுகிறேன் என்று நினைத்துக் கும்பிட்டார்). காலடியில் பிடித்தால் புகை தரையோடு படுத்து ஹோலுக்கு ஓடியது. தலைக்கு மேலே உயர்த்தினால் எதிர்ப்பக்கமாக அறைக்குள் வளைந்தது. நடுவில், நெஞ்சளவில், எந்தப் பக்கமும் சாயாமல் நேரே எழுந்தது.

காரணம் எடைதான். 20 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.20 கிலோ, 30 பாகையில் 1.16 கிலோ. அந்த 40 கிராம்தான் குளிர்காற்றைக் கீழ்வழியாக வெளியே தள்ளி, சூட்டுக்காற்றை மேல்வழியாக உள்ளே இழுக்கிறது. இதைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது: 2 மீற்றர் உயரம், 80 சென்ரிமீற்றர் அகலமுள்ள வாசல், இரண்டு பக்கமும் 5 பாகை வித்தியாசம் என்றால், கணக்குப்படி 1000 வாட் அளவு வெப்பம் சும்மா கடந்துபோகும். சுவரில் துளைபோட்டுப் பூட்டுகிற சின்ன ஃபான் மணிக்கு 100 கன மீற்றர் தள்ளினாலும் 170 வாட்தான். கதவைத் திறந்து வைப்பதற்கு அது கிட்டவும் வராது.

அக்காவின் பிழை ஃபானை வைத்த இடம். சூட்டுக்காற்று கூரையோடு ஒட்டிக் கிடக்க, அவர் மேசை உயரத்தில் சூடு குறைந்த காற்றைத் தள்ளுகிறார், கீழே அறையிலிருந்து வெளியே வர முயலும் குளிர்காற்றோடு அது மோதுகிறது. ஃபானைக் குளிர் அறையின் தரையில், ஹோலைப் பார்த்து வைக்கச் சொன்னேன். கனத்த காற்று தான் போக விரும்பும் பக்கமே போகும், வெளியே போன அளவு சூட்டுக்காற்று மேலால் தானாக வந்து சேரும், பிள்ளைகள்மேல் காற்றும் அடிக்காது. ஆனாலும் கதவுநிலைக்கு மேலே தேங்குகிற சூடு அங்கேயே நிற்கும். நம் பழைய வீடுகளில் கதவுக்கு மேலே விட்ட காற்றுத்துவாரம் அதற்கு வழிவிடும், அதைத்தான் நாங்கள் ஏசி பூட்டும்போது பலகையடித்து மூடினோம்.

உண்மையில் இந்த வேலைக்குக் காற்று மட்டமான கூலியாள். ஒரு கன மீற்றர் தண்ணீர் சுமக்கும் வெப்பத்தைச் சுமக்க 3500 கன மீற்றர் காற்று வேண்டும், அதனால்தான் குளிர்நாட்டு வீடுகள் பலவற்றில் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது.

எங்கள் பக்கத்தில் ஃபானை ஏசி அறைத் தரையில் வெளியே பார்த்து வைத்தேன். ஹோல் கொஞ்சம் குளிர்ந்தது, ஆனால் சொட்டுச் சொட்டாக விழும் ஏசித் தண்ணீர் தாரையாக ஒழுகத் தொடங்கியது: மேலால் உள்ளே வந்தது கடற்கரை ஈரக்காற்று. ஒரு லீற்றர் ஈரத்தைத் தண்ணீராக்கவே ஏசி ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்றவேண்டும், அதில் அறை ஒரு பாகையும் குறையாது. கதவைச் சாத்திவிட்டேன்.

அக்கா அடுத்தநாள் எடுத்தார். அறை பரவாயில்லையாம், ஃபான் சத்தத்தில்தான் சின்னவன் நித்திரை கொள்ளவில்லையாம்.