பாராமெடிக்: சொல்லும் பொருளும், தமிழில் என்ன சொல்லலாம்

பாராமெடிக்: மருத்துவமனைக்கு வெளியே, நோயாளி இருக்கும் இடத்துக்கே போய் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்கி, வண்டியில் அதைத் தொடர்ந்து, மருத்துவமனையில் ஒப்படைக்கும் வரை பொறுப்பேற்கும் பயிற்சி பெற்றவர்.

இந்தச் சொல்லை வடசென்னையின் ராயபுரத்திலோ காசிமேட்டிலோ யாரும் வாயால் சொல்வதில்லை. ‘நூத்தியெட்டுக்குப் போன் போடு’ என்றால் வண்டி வேண்டும் என்று பொருள். வந்திறங்குபவர் ஆணானால் ‘நூத்தியெட்டுத் தம்பி’, பெண்ணானால் ‘சிஸ்டர்’. வயதானவர்கள் சிலர் இன்னும் ‘கம்பவுண்டர்’ என்கிறார்கள். வண்டிக்குள் ஓட்டுநருக்குப் ‘பைலட்’ என்றும், பின்னால் நோயாளியோடு இருப்பவருக்கு ‘இ.எம்.டி.’ (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்) என்றும் பெயர். ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் அதே இ.எம்.டி. ‘மருத்துவ உதவியாளர்’ ஆகிவிடுகிறார். செய்தித்தாளில் ‘108 ஊழியர்’. இத்தனை பெயர் இருந்தும், செய்யும் வேலையைச் சொல்லும் பெயர் இதில் ஒன்றுகூட இல்லை.

சொல்லுக்கு இரண்டு பிறப்பு. ‘பாரா’ என்பது கிரேக்க முன்னொட்டு. பக்கத்தில், உடன், ஒட்டி என்று பொருள்படும். ‘மெடிக்’ லத்தீனில் மருத்துவரைக் குறிக்கும் ‘மெடிக்கஸ்’ என்பதிலிருந்து வந்தது. இவை சேர்ந்த ‘பாராமெடிக்கல்’ என்ற பெயரடை, மருத்துவத்தை ஒட்டிய பணிகள் அனைத்துக்கும் முதலில் வழங்கியது. ‘பாராமெடிக்’ என்ற பெயர்ச்சொல்லோ 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படையில் வேறு வழியாகப் பிறந்தது: பாராசூட்டில் குதித்துப் போய்ச் சிகிச்சை தரும் மெடிக். அங்கே ‘பாரா’ என்பது பாராசூட்டின் சுருக்கம். 1960களின் இறுதியில் ஆம்புலன்ஸில் சிகிச்சை தரும் ஆட்களுக்குப் பெயர் தேவைப்பட்டபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அந்தக் காலத்து முன்னோடி ஒன்றை வடசென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1967இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஹில் மாவட்டம் என்ற புறக்கணிக்கப்பட்ட கறுப்பினப் பகுதியில் ஃபிரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதுவரை அங்கே போலீஸ் வண்டியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு போவதுதான் வழக்கம். டாக்டர் பீட்டர் சாஃபர் வகுத்த பயிற்சியை அதே பகுதியின் வேலையற்ற இளைஞர்கள் பெற்று, அமெரிக்காவின் முதல் பாராமெடிக்குகளில் இடம்பிடித்தார்கள். 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி இதை மூடிவிட்டது. தெருவையும் மனிதரையும் அறிந்த உள்ளூர் ஆட்களுக்கு முறையான பயிற்சி தந்தால் தரமான சேவை கிடைக்கும் என்பதற்கு அது சான்று.

இந்தியாவில் குழப்பம் ‘பாராமெடிக்கல்’ என்பதிலிருந்து வருகிறது. இங்கே அது ஆய்வக நுட்பநர், எக்ஸ்ரே எடுப்பவர், டயாலிசிஸ் பார்ப்பவர், அறுவை அரங்கில் நிற்பவர் என எல்லோரையும் குறிக்கும். தமிழில் ‘துணை மருத்துவப் படிப்புகள்’ என்று நிலைத்துவிட்டது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ரத்த மாதிரி பார்ப்பவரும், எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு அடியிலிருந்து எடுத்தவரின் தொடையில் ரத்தத்தைக் கட்டுப்படுத்துபவரும் ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடுகிறார்கள். ‘துணை மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை’ என்று தலைப்புச் செய்தி வந்தால் எந்த நாற்காலி காலி என்று அதைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. காலியிடத்தைத் தனியாக எண்ண முடியாவிட்டால் அதற்குத் தனியாக நிதியும் கேட்க முடியாது.

‘துணை’ என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. துணைவேந்தர், துணை ஆட்சியர் என்ற வழக்கால் ‘துணை மருத்துவர்’ என்றதும் மருத்துவருக்கு அடுத்த நிலை மருத்துவர் என்று தோன்றும். மருத்துவர் அல்லாதவருக்கு ‘மருத்துவர்’ என்று முடியும் பெயர் வைப்பது சட்டத்துக்கும் ஒவ்வாது, நோயாளிக்கும் தவறான தகவல். ‘மருத்துவ உதவியாளர்’ எதிர்ப்பக்கம் தவறுகிறது. யாருக்கு உதவி? வண்டிக்குள் மருத்துவர் இல்லை. கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் கேட்கலாம். ஆனால் பார்ப்பதும், தொடுவதும், முடிவெடுப்பதும் அந்த ஒரு ஆள்தான்.

அந்த முடிவுகள் எப்படிப்பட்டவை? கொருக்குப்பேட்டையில் அறுபது வயதுக்காரருக்குப் பேச்சுக் குழறி வலக்கை தளர்ந்திருக்கிறது என்று அழைப்பு. பார்த்ததும் பக்கவாதம் என்று தோன்றும். ஆனால் முதலில் விரல்நுனியில் சர்க்கரை பார்க்க வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால் தாழ்சர்க்கரையே அப்படி வேடம் போடும். குளுக்கோஸ் ஏற்றினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடுவார். சர்க்கரை சரியாக இருந்தால் அடுத்த கேள்வி, ‘கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?’ ‘எப்ப விழுந்தாரு?’ என்று கேட்டால் தவறான மணி கிடைக்கும். தூக்கத்திலேயே தாக்கியிருந்தால் படுக்கப்போன நேரம்தான் கணக்கு. மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் வரம்பு என்பதால், பக்கத்தில் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரியைத் தாண்டி, சி.டி. ஸ்கேன் இருக்கும் ஸ்டான்லிக்கு நேராகப் போக வேண்டும். முன்கூட்டியே அங்கே தகவல் சொல்ல வேண்டும். உறவினர் ‘பக்கத்துலயே சேத்துடுங்க’ என்று கெஞ்சும்போது இதை விளக்கி ஒப்புக்கொள்ள வைப்பதும் அவர் வேலைதான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததே, அதுபோன்ற இடத்துக்குப் போகிற வண்டியை எங்கே நிறுத்துவது? காற்று வரும் பக்கத்தில்தான். ஆட்களை அங்கே நடந்து வரச் சொல்ல வேண்டும். மேலாடையைக் கழற்றிய பிறகே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் துணியில் ஊறிய வாயு மூடிய வண்டிக்குள் பரவி, சிகிச்சை தருபவரையே சாய்த்துவிடும். கண்ணை ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். குரல் கரகரத்து, மூச்சிழுக்கும்போது கீச்சென்று ஒலி வந்தால் தொண்டை வீங்குகிறது என்று பொருள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். இத்தனையும் செய்கிறவரை ‘உதவியாளர்’ என்று அழைப்பது நியாயமே இல்லை.

பற்றாக்குறை என்றதும் காலிப் பணியிடம்தான் நினைவுக்கு வரும். 108 சேவையில் அது வேறு உருவத்தில் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய இந்தச் சேவையின் பணிநேரம் 12 மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வண்டியில் ஒரு இருக்கை வாரம் முழுக்க நிரம்பியிருக்க 168 மணி நேரம் வேண்டும். ஒருவர் வாரம் ஆறு நாள், நாளுக்கு 12 மணி வேலை செய்தால் 72 மணி. அந்த இருக்கைக்கு 2.33 ஆள் போதும். உழைப்பாளருக்குரிய 48 மணி நேர வாரத்தைப் பின்பற்றினால் 3.5 ஆள் வேண்டும். ஆண்டுக்கு 30 நாள் விடுப்பைச் சேர்த்தால் 3.8. இரண்டு கணக்குக்கும் இடையே இருக்கைக்கு ஒன்றரை ஆள் குறைகிறது. பட்டியலில் காலியிடம் எதுவும் இருக்காது. குறையும் அந்த ஆளின் வேலையை மற்றவர்கள் உடம்பு சுமக்கும்.

வண்டிக்குள்ளும் இதே கதை. இதயம் நின்றவருக்கு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. கை சோர்ந்து ஆழம் குறைவதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். வண்டியில் இருப்பதோ இருவர், ஒருவர் ஓட்டுகிறார். பின்னால் ஒற்றை ஆள் அழுத்தி, மூச்சுப் பையைப் பிடித்து, ஊசிக்கு நரம்பு தேடி, வளைவில் விழாமல் நிற்க வேண்டும். அதனால்தான் இதயம் நின்ற இடத்திலேயே இருவரும் சேர்ந்து முதல் சில சுற்றுகளை ஒழுங்காகச் செய்துவிட்டு நகர்வது நல்லது. சுற்றி நிற்கும் கூட்டம் ‘தூக்குங்க, தூக்குங்க’ என்று கத்தும். அதைத் தாங்கிக்கொள்ளவும் பயிற்சி வேண்டும்.

பயிற்சி என்றதும் சட்டத்துக்கு வருகிறோம். ஆள்சேர்ப்பு முகாம்களில் செவிலியர் படிப்பு, மருந்தாளுநர் படிப்பு, ஆய்வகப் பட்டயம் ஆகியவற்றோடு விலங்கியல், தாவரவியல் பட்டதாரிகளையும் எடுத்து, 50 நாள் பயிற்சி தருகிறார்கள். நாளுக்கு எட்டு மணி என்று வைத்தால் 400 மணி நேரம். 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய இணை மற்றும் நலவாழ்வுப் பணிகள் ஆணையச் சட்டம், இணை மருத்துவப் பணியாளர் ஆவதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. அதன் அட்டவணையில் பாராமெடிக் என்ற பெயர் வெளிப்படையாகவே இருக்கிறது: அவசர மருத்துவத் தொழில்நுட்பர் என்று ஒன்று, மேம்பட்ட சிகிச்சைப் பாராமெடிக் என்று ஒன்று. பதிவேட்டில் பெயர் ஏறியவர்தான் அந்தப் பெயரில் பணி செய்யலாம் என்பது சட்டத்தின் அடிப்படை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்ப இளநிலைப் பட்டம் இந்த வரையறைக்கு ஏற்றது. ஆனால் அதைப் படித்தவருக்கும் 50 நாள் பயிற்சிக்காரருக்கும் வண்டியில் ஒரே பதவிப் பெயர் என்றால், படித்தவர் தனியார் ஆஸ்பத்திரிக்கோ வளைகுடாவுக்கோ போவதைக் குறைசொல்ல முடியாது. ஏற்கெனவே பல ஆண்டு வண்டியில் உழைத்தவர்களை வெளியே தள்ளாமல், பணி அனுபவத்தை மணி நேரமாகக் கணக்கிட்டு இணைப்புப் படிப்பு தருவதுதான் சரி என்பது எங்கள் கருத்து. ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பர் 1 முதல் பாராமெடிக் பதிவு பெற்ற தொழில் ஆனபோது, பணியில் இருந்தவர்களுக்கு அப்படியொரு இடைக்கால வழி வைத்தார்கள்.

இனித் தமிழ்ப் பெயர். நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது. மருத்துவத்துக்கு நான்கு கூறு என்று 950ஆம் குறள் சொல்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். ‘உழை’ என்றால் பக்கம். நன்னூல் அதை ஏழாம் வேற்றுமை உருபுகளில் ஒன்றாக வைக்கிறது. உழைச்செல்வான் என்றால் பக்கத்தில் இருந்து மருந்து தருபவன். கிரேக்க ‘பாரா’வுக்கு இதைவிடப் பொருத்தமாக எந்த மொழிபெயர்ப்பாளரும் எழுத முடியாது. வள்ளுவர் அவரை மருத்துவருக்குக் கீழே வைக்காமல், நாலில் ஒரு பங்காக வைத்தது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் பதவிப் பெயராக இது நடக்காது. ஆண்பால் விகுதியை மாற்றி ‘உழைச்செல்வர்’ என்றால் பணக்காரர் என்று படிப்பார்கள். உழைப்போடு சேர்த்துக் குழப்புவார்கள். செவிலியருக்கும் அது சமமாகப் பொருந்தும்.

ஆகவே பரிந்துரை இது. இ.எம்.டி. என்பதற்கு ‘அவசர மருத்துவ நுட்பநர்’. பட்டம் பெற்ற பாராமெடிக்குக்கு ‘முதுநிலை அவசர மருத்துவ நுட்பநர்’. ‘ஆய்வக நுட்பநர்’ அரசு வழக்கில் ஏற்கெனவே இருப்பதால் ‘நுட்பநர்’ புதிதாகத் தோன்றாது. ‘அவசர’ என்பதில் சிறு உறுத்தல் உண்டு: வடமொழியில் தறுவாய் என்று பொருள்பட்ட சொல் தமிழில் விரைவு ஆகிவிட்டது. ஆனால் ‘அவசர சிகிச்சைப் பிரிவு’ என்ற பலகை எல்லா அரசு மருத்துவமனையிலும் தொங்கும்போது அதை மாற்றப் புறப்படுவது வீண்வேலை. பேச்சில் பாராமெடிக் என்றே சொல்லலாம், தடையில்லை.

தொழிலுக்காகப் பேசுதல் என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘பரிந்து பேசுதல்’ நல்ல தமிழ். ஆனால் அதில் இரக்கம் கலந்த தொனி இருக்கிறது. இங்கே தேவை ஆதாரம். மனுவில் ‘பணிச்சுமை அதிகம்’ என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். வண்டி மருத்துவமனை வாசலுக்கு வந்த நேரம், நோயாளி கைமாறிய நேரம், ஸ்ட்ரெச்சர் திரும்பக் கிடைத்த நேரம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பணியிலும் எழுதி வைத்தால் அது பேசும். அவசரப் பிரிவில் தள்ளுவண்டி காலியில்லாமல் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நோயாளி கிடக்கும்போது, அந்த வண்டி சாலையில் இல்லாத வண்டிதான். பி வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் 100 நிமிடத்தில் தீரும். வாசலில் 40 நிமிடம் காத்திருந்தால், வழியில் செலவானதையும் சேர்த்துப் பார்க்கையில், அடுத்த அழைப்புக்குப் பாதிக்கு மேல் மிஞ்சுவதே சந்தேகம். இந்த மூன்று நேரங்களையும், அன்று கூடுதலாக உழைத்த மணி நேரத்தையும், சிலிண்டர் அளவையும் மாதம் ஒருமுறை தொகுத்து மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் 2021 சட்டப்படி அமையும் மாநில மன்றத்துக்கும் அனுப்ப வேண்டும். நோயாளியின் பெயரோ முகவரியோ அதில் வரக்கூடாது. கூடவே நியமன ஆணை, பயிற்சிச் சான்று, சம்பளச் சீட்டு மூன்றிலும் பதவிப் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் ஒன்றில் ‘உதவியாளர்’, இன்னொன்றில் ‘இ.எம்.டி.’, மற்றொன்றில் ‘ஊழியர்’ என்று இருந்தால், உழைத்த ஆண்டுகளை நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கும்.