கடல்நீர் மீன்தொட்டியில் பாசியா? ஊற்றும் நீரை முதலில் சோதியுங்கள்

வன்னியில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போர் பராமரிப்புக்கு என்னை அழைக்கும்போது, பாசியைக் கொல்ல என்ன மருந்து விடலாம் என்றே பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். கண்ணாடியைச் சுரண்டித் துப்புரவாக்கி ஒரு கிழமைக்குள் பாறையெங்கும் மயிர்ப்பாசி மீண்டும் படர்ந்தால் எவருக்கும் மனம் சலித்துப்போகும். ஆனால் நான் முதலில் கேட்பது, ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக எந்த நீரை ஊற்றுகிறீர்கள் என்பதைத்தான். “எங்கட கிணத்துத் தண்ணிதான், நாங்களும் அதைத்தானே குடிக்கிறம்” என்ற பதிலே அநேகமாகக் கிடைக்கும்.

ஒளியோடு நைத்திரேற்றும் பொசுபேற்றும் கிடைத்தால் பாசி தழைத்துவிடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை நைத்திரேற்று இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பவள உயிர்கள் உள்ள தொட்டியிலோ அதை 10 மில்லிகிராமுக்குள் வைத்திருக்கவே முயல்கிறோம். ஆகவே குடிக்கத்தக்க நீரும் பாசிக்கு உரமாக இருக்கக்கூடும். யூரியா இடப்படும் வயல்களின் ஓரத்துக் கிணறுகளில் இந்த ஐயம் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். 200 லீற்றர் தொட்டியொன்றில் கோடை வெக்கையில் நாளுக்கு 2 லீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 60 லீற்றர் கிணற்று நீர் ஊற்ற வேண்டும். அந்நீரில் லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால் 1200 மில்லிகிராம் உள்ளே சேரும்; ஆவியாகிச் செல்வது வெறும் நீர் மட்டுமே என்பதால், மீனுக்குப் போடும் உணவைக் கணக்கில் எடுக்காமலேயே, தொட்டியின் செறிவு லீற்றருக்கு 6 மில்லிகிராமால் கூடிவிடும். அடுத்த மாதமும் இதே கணக்குத்தான்.

சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் வவுனியாப் பகுதியில், நீரை அழுத்தி மென்சவ்வு வழியே வடிக்கும் ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீர் பரவலாக விற்பனையாகிறது. கிணற்று நீரைவிட அது எவ்வளவோ மேலானது. எனினும் வடிகட்டும் மென்சவ்வு பழுதடைந்திருந்தால் பயன் குறைந்துவிடும் என்பதால், நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் சிறியதொரு டி.டி.எஸ். மானியை வாங்கி ஒவ்வொரு கலனையும் சோதியுங்கள். அளவு பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவுக்கு நல்லது.

முல்லைத்தீவிலிருந்து கடல்நீரையே ஏற்றி வருவோரும் உண்டு. நந்திக்கடலிலோ நாயாற்றுக் களப்பிலோ நீர் எடுக்காதீர்கள். மாரியில் அங்கு வெள்ளநீர் கலந்து உவர்ப்பு வெகுவாகக் குறைவதோடு, வயல் நிலங்களின் வடிகால் நீரும் வந்து சேர்கிறது. கோடையில், முகத்துவாரங்களிலிருந்து விலகிய திறந்த கடலில் எடுத்து, ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அளவில் உள்ளதா என்று பார்த்துப் பயன்படுத்தலாம்.

எல்லாப் படர்வும் ஒன்றல்ல. புதுத் தொட்டியின் மணலில் படியும் கபிலநிறப் படலம் பெரும்பாலும் டயற்றம் எனும் நுண்பாசி. நீரிலுள்ள சிலிக்கேற்று தீர்ந்ததும் அது தானாகவே அடங்கும். நீரோட்டம் குறைந்த மூலைகளில் செந்நிறச் சளிபோல் படர்வது பாசியே அல்ல, சயனோபற்றீரியா எனும் பற்றீரியா வகை. அதைக் குழாயால் உறிஞ்சி அகற்றி, நீரோட்டத்தைக் கூட்ட வேண்டும். மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைக் கரைத்து விடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மீன்களுக்கு நஞ்சான அமோனியாவை மாற்றித் தரும் நல்ல பற்றீரியாக்களும் பாதிக்கப்பட்டு, மீன்களே மடிய நேரலாம். மயில்துத்தம் அதைவிட ஆபத்தானது. அதிலுள்ள செப்பு, பாறையிலும் மணலிலும் தங்கிப் பின்னர் கசிந்து, நத்தை, இறால், பவளம் என எதையும் வாழவிடாது.

மயிர்ப்பாசியைக் கையால் பிடுங்குவதற்கு மாற்று இல்லை. பிடுங்கிய பாசியோடு அது உறிஞ்சிய ஊட்டமும் வெளியேறுகிறது. உறைந்த இறால் உணவை அப்படியே கொட்டாமல், உருகிய நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். மின்விளக்கு நாளுக்கு 8 மணித்தியாலம் போதும்; தொட்டியில் நேர்வெயில் படக்கூடாது. பாறையெல்லாம் பாசி நிறைந்திருக்கும்போது சோதனையில் பொசுபேற்று பூச்சியம் என்று வந்தால் மகிழ வேண்டாம். பாசி அதை உறிஞ்சிவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பொசுபேற்றை ஈர்க்கும் இரும்பு ஒட்சைட்டுத் துகள்களைச் சிறிது சிறிதாகவே பயன்படுத்துங்கள். ஊட்டத்தை அடியோடு இல்லாமற் செய்தால் பவளங்கள் வெளிறுவதுடன், பாசியைவிடப் பிடிவாதமான டைனோபிளாஜெலேற்று எனும் நுண்ணுயிர்கள் தலையெடுக்கக்கூடும்.

பாசி மேயும் மீன் எது என்று கேட்போர் ஓராவை நினைக்கிறார்கள். ஓரா நன்றாக மேயும்தான்; ஆனால் நமது கரையில் பிடிபடுபவை ஓரடி வரை வளரக்கூடியவை, முள்ளில் நஞ்சும் உண்டு. வீட்டுத் தொட்டிக்குக் கடல் நத்தைகள் ஏற்றவை. அவை நீண்ட மயிர்ப்பாசியைத் தொடுவது அரிது. எஞ்சும் குட்டைப் பாசியைத்தான் சுரண்டி உண்ணும். ஆகையால் பாறையிலுள்ள பாசியை நன்றாகப் பிடுங்கித் துப்புரவாக்கிய பின்னரே நத்தைகளை விடுங்கள்.