மலாவி ஏரியில் மூழ்கப் போகிறவர்களுக்கு

சிக்லிட் என்ற நன்னீர் மீன்களைப் பார்க்க ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிக்கு ஸ்கூபா டைவிங் செய்யப் புறப்படுகிறவர்கள், பயணத்துக்கு முன் மருத்துவ ஆலோசனைக்காக என்னிடம் வரும்போது, முதலையைப் பற்றியும் நீர்யானையைப் பற்றியும் தவறாமல் கேட்கிறார்கள். நத்தையைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மலாவி ஏரித் தேசியப் பூங்காவின் கேப் மெக்ளியர் பகுதியில், நீல நிற முபுனா மீன்கள் பாறையில் படர்ந்த பாசியைக் கொறித்துத் தின்பதைக் கை எட்டும் தூரத்தில் காணலாம். பில்ஹார்சியா எனப்படும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற புழு நோய் தொற்றுவதும் அந்த ஏரி நீரில்தான்.

நோயாளியின் சிறுநீரோடு ஏரியில் கலக்கும் புழு முட்டைகள் பொரிந்து, வெளிவரும் நுண்புழுக்கள் நத்தைக்குள் புகுகின்றன. சில வாரங்களில் நத்தையிலிருந்து வெளிவரும், கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள், காயமே இல்லாத தோலையும் சில நிமிடங்களில் துளைத்து உள்ளே சென்றுவிடும். நண்பகலை ஒட்டிய நேரத்தில் இவை மிகுதியாக வெளிப்படுகின்றன. நத்தைகள் பெரும்பாலும் கரையோர ஆழமற்ற நீரில் வாழ்வதால், படகிலிருந்து ஆழத்தில் இறங்குபவரைவிட, கரையோரத்தில் முழங்கால் அளவு நீரில் நின்று காலில் நீச்சல் துடுப்பு மாட்டிக்கொள்பவருக்கே ஆபத்து அதிகம். உடலோடு ஒட்டிய ரப்பர் உடையான வெட்சூட்டும் முழுப் பாதுகாப்பு தராது. இந்த ஏரியில் நத்தையை ஓட்டோடு நொறுக்கித் தின்னும் டிரெமட்டோக்ரானஸ் பிளாக்கோடான் என்ற சிக்லிட் மீனும் உண்டு. மிதமிஞ்சிய மீன்பிடிப்பால் அது குறைந்ததையும் நோய் பெருகியதையும் ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள்.

ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல், வறட்டு இருமல், தோல் தடிப்பு ஆகியவை தோன்றலாம். முதலில் மலேரியாவுக்குப் பரிசோதிப்பது சரியே. ஆனால், அது இல்லை என்றானபின் இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளணு வகை கூடியிருப்பதைக் கண்டு வழக்கமான பூச்சி மாத்திரையான அல்பெண்டசோலைக் கொடுத்து அனுப்பினால், இந்தப் புழுவுக்கு அது பயன்படாது, பிராசிகுவாண்டல்தான் வேண்டும். ஆப்பிரிக்க ஏரியில் மூழ்கியதை நீங்களே சொல்லாவிட்டால், நம் ஊர் மருத்துவருக்கு இந்த நோய் நினைவுக்கு வருவது அரிது. பிராசிகுவாண்டல் முதிர்ந்த புழுக்களையே கொல்வதால், பயணம் முடிந்த கையோடு அதை விழுங்குவதிலும் பொருளில்லை. அறிகுறி ஏதும் இல்லாதவர்களும் கடைசியாக நீரில் இறங்கி இரண்டு மூன்று மாதங்கள் ஆனபின் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கவனிக்காமல் விட்டால் புழுக்கள் சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள சிரைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அரிதாக, முட்டைகள் தண்டுவடத்தை அடைந்து கால்கள் செயலிழப்பதும் உண்டு.

இன்னொன்று, உயரம். மூழ்கும்போது உடலில் கரையும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழிகளாகி அழுத்தக்குறை நோயை உண்டாக்கலாம். ஏரியின் நீர்மட்டமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 475 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மூழ்கும் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கணினியை அதற்கேற்ப அமைக்க வேண்டும். விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கத் தெரிந்தவர்கள்கூட, தலைநகர் லிலாங்வே செல்லும் சாலை டெட்ஸா அருகே 1500 மீட்டருக்கு மேல் ஏறுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. மூழ்கிய அன்றே அந்த வழியில் காரில் கிளம்பக் கூடாது. மலேரியாத் தடுப்புக்கு மெஃப்ளோகுயினைத் தவிர்த்து வேறு மருந்தைக் கேளுங்கள். மெஃப்ளோகுயின் தரும் தலைச்சுற்றலை அழுத்தக்குறை நோயிலிருந்து பிரித்தறிவது எங்களுக்கே கடினம்.