கடல் நீரில் ஒளிந்திருக்கும் குளிர்

“பூமி பிறந்தபோது உருகிய பாறைக் குழம்பாக இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் இவ்வளவு கடலும் எங்கிருந்து வந்தது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அறிவியலாளர்களும் இதைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கோள்கள் உருவான காலத்தில் பூமி இருக்கும் இடத்தில் பனிக்கட்டி நிலைக்க முடியாத அளவுக்குச் சூடு. ஆகவே தண்ணீர் பின்னால், தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது பழைய விளக்கம். கொண்டுவந்தவை வால்நட்சத்திரங்களா, சிறுகோள்களா? இதைத் தீர்க்க ஓர் அடையாளம் உண்டு. அதன் பெயர் டியூட்டீரியம்.

கருவில் ஒரு நியூட்ரானும் கூடுதலாக உள்ள, கனமான ஹைட்ரஜன்தான் அது. கடல் நீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியம். சூரியன் உருவான வாயுவிலோ ஏறக்குறைய 50,000-க்கு ஒன்றுதான் இருந்தது. கடலில் மட்டும் எப்படி இத்தனை மடங்கு கூடியது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் இருண்ட முகில்களில் வெப்பநிலை மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். அங்கே மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த ஓர் அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற மூலக்கூறு, அலைந்துகொண்டிருக்கிறது. டியூட்டீரியம் உள்ள ஒரு மூலக்கூறு எதிர்ப்பட்டால், தன்னிடமுள்ள ஹைட்ரஜன் ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்த டியூட்டீரியத்தை வாங்கிக்கொள்கிறது. ஏன்? எவ்வளவு குளிரிலும் எந்த மூலக்கூறும் முழுக்க அடங்கிவிடாது. ஒரு குறைந்தபட்ச அதிர்வு இருந்தே தீரும். குவாண்டம் விதி அப்படி. கனமான அணு சேர்ந்தால் அந்த அதிர்வு மந்தமாகி, அதற்கான ஆற்றலும் கொஞ்சம் குறைகிறது. அதாவது, டியூட்டீரியத்தை வாங்கிய அயனி ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்துவிடுகிறது. மிகச் சிறிய படிதான். வெப்பம் இருந்தால் அடுத்த மோதலிலேயே மேலே ஏறிவிடும். அந்த முகிலில்தான் வெப்பமே இல்லையே! இறங்கியது இறங்கியதுதான். அப்புறம் அந்த அயனி எலக்ட்ரானோடு மோதிச் சிதறும்போது டியூட்டீரியம் விடுபடுகிறது. தூசித் துகளில் ஒட்டி, ஆக்சிஜனோடு சேர்ந்து பனியாக உறைகிறது. பல லட்சம் ஆண்டுகள் இப்படியே நடந்தால் அந்தப் பனி முழுக்கக் குளிரின் கணக்கு எழுதப்பட்டுவிடும்.

அந்தப் பனி பிறகு சூரியனுக்கு அருகில் வந்து ஆவியானால், சுற்றியுள்ள ஹைட்ரஜன் வாயுவோடு கலந்து கணக்கு அழியத் தொடங்கும். எனவே டியூட்டீரியத்தின் அளவைப் பார்த்தால், ஒரு தண்ணீர் எவ்வளவு குளிரில் பிறந்தது, எவ்வளவு சூடு கண்டது என்று ஊகிக்கலாம். நம் கடலில் ஒரு கணிசமான பகுதி சூரியனுக்கும் மூத்தது என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது இதை வைத்துத்தான்.

சரி, வால்நட்சத்திரங்களின் கணக்கு என்ன? 1986-இல் ஜியோட்டோ விண்கலம் ஹாலியை நெருங்கி அளந்தபோது கடலைப் போல இரு மடங்கு டியூட்டீரியம் இருந்தது. 2010-இல் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி ஹார்ட்லி 2-ஐப் பார்த்தபோது கிட்டத்தட்ட கடலின் அளவே கிடைத்தது. 2014-இல் ரோசெட்டா விண்கலம் 67பி வால்நட்சத்திரத்தில் அளந்ததோ மூன்று மடங்குக்கும் மேல். சிறுகோள்களிலிருந்து உடைந்து விழுந்த, கார்பன் மிகுந்த விண்கற்களில் பலவற்றின் அளவு கடலோடு நன்றாகவே பொருந்தியதால், பலரும் சிறுகோள்கள் பக்கம் சாய்ந்தார்கள்.

2020-இல் வழக்கு வேறு திசையில் திரும்பியது. பூமியைக் கட்டிய பாறைகளுக்கு மிக நெருங்கிய உறவான என்ஸ்டடைட் விண்கற்களை வறண்டவை என்றே நினைத்திருந்தோம். அவற்றில் எதிர்பார்த்ததைவிட நிறைய ஹைட்ரஜன் இருப்பதைப் பிரான்ஸ் ஆய்வாளர்கள் கண்டார்கள். பூமி முழுக்க அத்தகைய கற்களால் ஆனது என்றால், கடல்களைப் போல் மூன்று மடங்கு தண்ணீருக்காவது அது போதும். நான் இந்தப் பக்கம்தான். தண்ணீர் பெரும்பாலும் கட்டுமானக் கல்லிலேயே இருந்தது, மிச்சத்தைச் சிறுகோள்கள் கொண்டுவந்து சேர்த்தன என்று நம்புகிறேன். கடல்களின் எடை பூமியின் எடையில் 0.023 சதவீதம்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தாலே போதும்.

ஆனாலும் வால்நட்சத்திரங்களை முழுதாக ஒதுக்கிவிட முடியாது. ரோசெட்டாவின் பயணம் 2016-இல் முடிந்துவிட்டது. அதன் பழைய பதிவுகளில் 16,000-க்கும் அதிகமான அளவீடுகளை ஒரு குழு மறுபடி அலசி 2024-இல் முடிவை வெளியிட்டது. டியூட்டீரியம் சேர்ந்த கனமான தண்ணீர் தூசித் துகள்களில் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். வெயிலில் தூசி சூடாகும்போது அது வெளிப்பட்டு அளவை உயர்த்திக் காட்டும். தூசி இல்லாத தொலைவில் எடுத்த அளவீடுகளை மட்டும் பார்த்தால், 67பி-யின் தண்ணீர் நம் கடலுக்கு அருகில் வந்துவிடுகிறது! விண்கலத்துக்குப் பணம் ஒதுக்குபவர்கள், அது ஓய்ந்த பிறகு பதிவுகளைப் பாதுகாக்கவும் மறுபடி படிக்கவும் கை சுருக்கக் கூடாது என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். இந்தக் கண்டுபிடிப்பு, விண்கலம் ஓய்ந்த பிறகும் எட்டு ஆண்டுகள் அந்தப் பதிவுகளுக்குள்ளேயே கிடந்தது.